‘பன்ஷோ’ பூச்சாடியும் அதன் புதைந்த உடன்பிறப்புகளும்

ஜப்பானின் ஒசாகா மாகாணத்தில் இசுமி என்றொரு நகரம் இருக்கிறது. பருத்தி நெசவால் வளர்ந்த வட்டாரம் அது. அங்கே நெசவுத் தொழிலில் செல்வம் சேர்த்த குபோ குடும்பத்தார் தங்கள் கலைச் சேகரிப்பை நகரத்துக்கே நன்கொடையாகக் கொடுக்க, 1982-ல் குபோசோ நினைவுக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்தச் சேகரிப்பில் எல்லோரும் முதலில் கேட்பது ஒரு சீனப் பூச்சாடியைத்தான். அதன் பெயர் ‘பன்ஷோ’. ஜப்பான் அரசு அதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்திருக்கிறது. செலடன் எனப்படும் பசும்பூச்சுப் பாத்திரங்களில் இந்தத் தகுதியைப் பெற்றவை மூன்றே மூன்று.

ஏறத்தாழ ஓர் அடிக்குச் சற்றே கூடுதலான உயரம். தட்டையாக விரிந்த வாய், நேரான நீண்ட கழுத்து, சட்டென்று மடிந்து இறங்கும் தோள், அதற்குக் கீழே உருளை போன்ற உடல். கழுத்தின் இருபுறமும் கைப்பிடிபோல இரண்டு ஃபீனிக்ஸ் பறவைகள். உடலில் சித்திரம் இல்லை, செதுக்கு வேலையும் இல்லை. நீலம் கலந்த ஒரு மெல்லிய பச்சை மட்டும் மேலிருந்து கீழ்வரை பரவியிருக்கிறது. விளிம்பிலும் பறவைகளின் கொண்டையிலும் தோள் மடிப்பிலும் பூச்சு மெலிந்து உள்மண்ணின் வெண்மை இலேசாகத் தெரியும். அந்த வெண்கோடுகள்தான் சாடிக்கு வரைந்தாற்போன்ற ஓர் உருவத்தைத் தருகின்றன.

இது 13-ஆம் நூற்றாண்டில், தென் சோங் அரசமரபின் காலத்தில், சீனாவின் செஜியாங் மாகாணத்து லோங்சுவான் சூளைகளில் சுடப்பட்டது. பிறகு ஜப்பானுக்கு வந்து ஷோகுன் எனப்படும் படைத்தலைமை ஆட்சியாளர், அரசி, பேரரசர், துறவி எனக் கைமாறியது. வழக்கமாக இத்தகைய பொருளைப் பற்றி எழுதுபவர்கள் இந்த உரிமையாளர் வரிசையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அது போதாது என்பது என் கருத்து. யார் வைத்திருந்தார்கள் என்பது சாடியின் மதிப்பைச் சொல்லும். சாடி உண்மையில் என்னவாக இருந்தது, யாருக்காகச் செய்யப்பட்டது, எப்படிக் கடல் தாண்டியது என்பதையெல்லாம் சொல்வது வேறு பாத்திரங்கள். அதே சூளைகளில் பிறந்து, யார் கையிலும் சேராமல், மண்ணுக்குள்ளும் கடலுக்குள்ளும் கிடந்த பாத்திரங்கள் அவை.

முதலில் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். காகிதக் கூழை அடிக்கும் மரச்சுத்தியலைப் போல இருப்பதால் சீனர்கள் இதைக் காகிதச் சுத்தியல் சாடி என்பார்கள். ஜப்பானியர் துணியை அடித்து மென்மையாக்கும் சுத்தியலின் பெயரால் ‘கினுதா’ என்கிறார்கள். ஆனால் இதன் மூலம் சுத்தியல் அல்ல. மேற்காசியாவின் கண்ணாடிக் குடுவை. ஈரானின் நிஷாபூரில் கிடைத்த இஸ்லாமியக் கண்ணாடிக் குடுவைகளில் இதே தட்டை வாய், இதே நேர்க்கழுத்து, இதே மடிந்த தோள். அவை சீனாவுக்கும் வந்தன. உள் மங்கோலியாவில் 1986-ல் அகழப்பட்ட லியாவ் அரசமரபின் சென் இளவரசியின் கல்லறையிலேயே இஸ்லாமியக் கண்ணாடிக் குடுவைகள் இருந்தன. இளவரசி இறந்தது 1018-ல். அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் ஹெனான் மாகாணத்தில் அரண்மனைக்கென்று இயங்கிய ரூ சூளைகள் அந்தக் கண்ணாடி வடிவத்தைக் களிமண்ணில் செய்துவிட்டன. உலகில் எஞ்சியுள்ள ரூ பாத்திரங்கள் நூற்றுக்கும் குறைவு. அவற்றில் இரண்டு சுத்தியல் சாடிகள் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ‘தூய சீன அழகு’ என்று போற்றப்படும் ஓர் உருவம் பாரசீக வணிகர்களின் மூட்டையில் வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஹெனானிலிருந்து தெற்கே செஜியாங்குக்கு இந்த ரசனை இறங்கியதற்குக் காரணம் போர். 1127-ல் ஜுர்சென் மக்களின் ஜின் படை சோங் தலைநகர் கைஃபெங்கைக் கைப்பற்றி, பேரரசரையே சிறைபிடித்துச் சென்றது. தப்பிய அரசகுலம் தெற்கே ஓடி, பிறகு ஹாங்சோவைத் தலைநகராக்கிக்கொண்டது. வடக்கின் ரூ சூளைகள் கைவிட்டுப் போயின. ஹாங்சோவிலேயே அரசுச் சூளைகள் அமைந்தன. அதே மாகாணத்தின் தென்மலைகளில் லோங்சுவான் ஏற்கெனவே பச்சைப் பாத்திரம் சுட்டுக்கொண்டிருந்தது. அதுவரை அங்கே செய்தவை பெரும்பாலும் மெல்லிய, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஆலிவ் நிறப் பூச்சுள்ள சாதாரணச் சரக்கு. பக்கத்தில் வந்து அமர்ந்த அரசவையின் ரசனையும் தலைநகரின் பணமும் அந்தக் குயவர்களை வேறொரு தரத்துக்குத் தூக்கிவிட்டன.

அந்த நிறம் எப்படி வருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பச்சைச் சாயம் எதுவும் இதில் கிடையாது. பூச்சில் இருப்பது மரச்சாம்பல், சுண்ணாம்பு, பாறைத் தூள், இவற்றோடு ஓரிரு சதவீத இரும்பு ஆக்சைடு. காற்றோட்டம் தாராளமாக இருக்கும் சூளையில் இதைச் சுட்டால் மஞ்சளும் பழுப்பும்தான் கிடைக்கும். வெப்பம் ஏறியபின் குயவர் காற்று வழியைக் குறுக்கி விறகை அதிகமாகத் திணிக்கிறார். எரிவதற்கு ஆக்சிஜன் போதாத தீ, பூச்சிலுள்ள இரும்பிடமிருந்தே ஆக்சிஜனைப் பறிக்கிறது. ஆக்சிஜனை இழந்த இரும்பு நீலப்பச்சையாக மாறுகிறது. ஆறும்போது ஒரு விரிசல் வழியே காற்று புகுந்தாலும் அந்தப் பகுதியில் நிறம் மஞ்சளுக்குத் திரும்பிவிடும்.

பச்சைக்கு இது போதும். ஆனால் பன்ஷோவில் காண்கிற அந்த மரகதக் கல் போன்ற ஆழத்துக்கு இன்னொன்று தேவைப்பட்டது. பழைய லோங்சுவான் பூச்சில் சுண்ணாம்பு மிகுதி. உருகினால் நீர்போல வழிந்துவிடும், தடிமனாகப் பூச முடியாது. தென் சோங் காலத்தில் குயவர்கள் சுண்ணாம்பைக் குறைத்துப் பொட்டாசியம் மிகுந்த பாறைப்பொருளைக் கூட்டினார்கள். பூச்சு உருகினாலும் இறுக்கமாக நின்றது. ஒரு படலம் பூசி, உலர்த்தி, மறு படலம் பூசி எனப் பலமுறை ஏற்ற முடிந்தது. கரையாமல் எஞ்சிய குவார்ட்ஸ் துகள்கள், பூச்சுக்குள்ளேயே விளைந்த நுண்படிகங்கள், வெளியேற முடியாமல் சிக்கிய காற்றுக்குமிழ்கள் ஆகிய மூன்றும் உள்ளே நுழையும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. அதனால் பூச்சு முழுக்கத் தெளிவாகவும் இல்லை, முழுக்க மறைக்கவும் இல்லை. இளநீர் வழுக்கையைப் போல ஒளியை உள்வாங்கி வைத்துக்கொள்கிறது.

சுட்ட இடமும் சாதாரணமானதல்ல. மலைச்சரிவில் பாம்புபோல ஏறிச் செல்லும் நீண்ட சூளைகளைச் சீனர்கள் டிராகன் சூளை என்பார்கள். பல பத்து மீட்டர் நீளம். கீழ்வாயில் மூட்டும் தீ சரிவின் வழியே மேலேறும். பக்கத் துளைகள் வழியாக இடையிடையே விறகு போட்டுக்கொண்டே போவார்கள். வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டியது. சாம்பலும் புகையும் படாதிருக்க ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தனியே சுடுமண் உறைக்குள் வைத்து அடுக்கினார்கள். ஒரே சுடலில் ஆயிரக்கணக்கில் வெளிவரும். அவற்றில் நல்ல நிறம் எதற்கு அமையும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பன்ஷோ போன்ற சாடி தனியொரு மேதை தனியொரு நாளில் செய்த அற்புதம் அல்ல. பெருந்தொழிற்கூடம் ஒன்றின் மிகச் சிறந்த விளைச்சல். இதை ஒப்புக்கொள்வதால் அதன் அழகு குறைவதாக நான் நினைக்கவில்லை.

இனி அது பயணப்பட்ட வழி. லோங்சுவானில் சுட்டவை ஓவ் ஆற்றின் வழியே படகில் இறங்கி வென்சோ துறைக்கு வந்தன. அங்கிருந்தும் வடக்கே நிங்போவிலிருந்தும் கடல் வாணிகம் நடந்தது. ஜப்பானில் வாங்கக் காத்திருந்தவர்களில் முதன்மையானவை ஜென் மடங்கள். ஜப்பானியத் துறவிகள் ஹாங்சோவைச் சுற்றியிருந்த மடங்களுக்கு வந்து பயின்று திரும்பினார்கள். கியோத்தோவின் தோஃபுகு-ஜி மடத்தைத் தொடங்கிய என்னி 1235-ல் சீனா சென்று 1241-ல் திரும்பியவர். சீனத் தேநீர், சீன ஓவியம், சீனப் பாத்திரம் மூன்றும் அந்தத் துறவிகளோடு ஒன்றாகவே போயின. பலிபீடத்தின் முன் தூபக்கலம், விளக்குத் தண்டு, பூச்சாடி என ஒரு வரிசை வைப்பது மடத்து வழக்கம். லோங்சுவான் சாடி அந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

இது வெறும் ஊகமாக இருந்திருக்கும், கொரியாவின் சினான் கடற்பகுதியில் அந்தக் கப்பல் கிடைத்திராவிட்டால். 1975-ல் ஒரு மீனவரின் வலையில் செலடன் பாத்திரங்கள் சிக்கின. 1976-ல் தொடங்கிய நீரடி அகழ்வு 1984 வரை நீண்டது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மண்பாண்டங்களும் பீங்கான்களும் வெளிவந்தன. அவற்றில் 12,000-க்கு மேல் செலடன். அடித்தளத்தில் சுமார் 28 டன் செப்புக் காசுகள். எடைக்கல் ஒன்றில் நிங்போவின் அன்றைய பெயர் பொறிக்கப்பட்டிருந்ததால் புறப்பட்ட துறை தெரிந்தது. சரக்கோடு கட்டியிருந்த மரச்சீட்டுகளில் 1323-க்கு இணையான சீன ஆண்டு மை அழியாமல் இருந்தது. சில சீட்டுகளில் எழுதியிருந்த பெயர் தோஃபுகு-ஜி. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1319-ல், அந்த மடம் தீக்கிரையாகியிருந்தது. மடத்தை மீண்டும் கட்டப் பணம் திரட்டும் முயற்சியோடு இந்தக் கப்பல் தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தச் சிறு மரச்சீட்டைவிட முக்கியமான ஆவணம் இந்தத் துறையில் குறைவு என்பேன். துறவியின் பக்தி, வணிகரின் லாபம், குயவரின் உழைப்பு மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டுகிறது அது. பன்ஷோ இந்தக் கப்பல் போனதற்கு முந்தைய காலத்துச் சாடி. ஆனால் அதே பாதையில், அதே வகை மனிதர்கள் கையில்தான் அதுவும் வந்திருக்க வேண்டும். வந்தபோது அதற்குப் பெயர் கிடையாது. பெட்டிகளில் வைக்கோலோடு அடுக்கிய நூற்றுக்கணக்கான பச்சைப் பாத்திரங்களில் அதுவும் ஒன்று.

பெயர் வந்தது 17-ஆம் நூற்றாண்டில். சாடியின் வரலாறு அப்போதுதான் நமக்குக் கோவையாகக் கிடைக்கத் தொடங்குகிறது. மூன்றாம் தோக்குகாவா ஷோகுனான இயெமித்ஸுவிடமிருந்து அது அவருடைய தங்கையும் அரசியுமான தோஃபுகுமொன்-இன்னிடம் சென்றது. பின்பு பேரரசர் கோ-சாய் கைக்கு வந்தது. அவர் அரியணையில் இருந்தது 1655 முதல் 1663 வரை. இலையுதிர்கால இரவில் தொலைவில் துணி அடிக்கும் ஓசை ஆயிரமாய்ப் பத்தாயிரமாய் ஓயாமல் கேட்பதைப் பற்றித் தாங் காலத்துக் கவிஞர் பை ஜுயி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். சாடியின் சுத்தியல் வடிவத்தைக் கண்ட கோ-சாய் அந்தக் கவிதையிலிருந்து ‘பத்தாயிரம் ஓசை’ என்ற பொருளில் பன்ஷோ எனப் பெயரிட்டார். இதன் இணையான இன்னொரு சாடிக்கு ‘ஆயிரம் ஓசை’ என்று ‘சென்ஷோ’ என்ற பெயர். அது இன்று கியோத்தோவில் கொனோயே குடும்பத்தின் யோமேய் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. பன்ஷோ பேரரசரின் மகனும் துறவியுமான கோபென் வழியாக யமஷினாவிலுள்ள பிஷமோன்-தோ மடத்துக்குச் சென்று, நவீன காலத்தில்தான் குபோ குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்த வரிசையில் கவனிக்கத்தக்கது, எல்லோரும் அதைப் பாதுகாத்தார்கள் என்பதோடு, எல்லோரும் அதற்கு எதையோ சேர்த்தார்கள் என்பது. ஷோகுன் கொடுத்தபோது அது அரசியல் உறவின் அடையாளமாயிற்று. பேரரசர் பெயரிட்டபோது இலக்கியமாயிற்று. மடத்துக்குப் போனபோது புனிதமாயிற்று. இவற்றில் எதுவும் லோங்சுவான் குயவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சரி, குயவர் யாரை மனத்தில் வைத்துச் செய்தார்? ஜப்பானியச் சேகரிப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை, இந்தக் கினுதா சாடிகள் ஜப்பானிய ரசனைக்கென்றே செய்தவையோ என்ற ஐயத்துக்கு இடம் இருந்தது. சீனாவில் இவை அவ்வளவாகப் பாதுகாக்கப்படவில்லை, ஜப்பானில் கொண்டாடப்பட்டன. அந்த ஐயத்துக்குப் பதில் 1991-ல் வந்தது, சற்றும் எதிர்பாராத திசையிலிருந்து. சிச்சுவான் மாகாணத்தின் சுய்னிங் நகருக்கு அருகே ஜின்யூ கிராமத்தில் நிலத்தைத் தோண்டியபோது, நெருக்கி அடுக்கிய நிலையில் ஒரு பீங்கான் புதையல் அகப்பட்டது. மொத்தம் 985 பீங்கான்கள். பெரும்பகுதி சீனாவின் இன்னொரு பீங்கான் மையமான ஜிங்டெசென்னின் நீலவெண் பாத்திரங்கள். 300-க்கு மேல் லோங்சுவான் செலடன். கழுத்தில் இரு கைப்பிடிகள் ஒட்டிய அதே சுத்தியல் சாடிகள் அதில் இருந்தன. தாமரை இலையை மூடியாகக் கவிழ்த்த பெரிய ஜாடி ஒன்றும் இருந்தது. அதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

சுய்னிங் கடலிலிருந்து மிகத் தொலைவு. லோங்சுவானிலிருந்து மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கே இவை போயிருக்கின்றன என்றால், உள்நாட்டில் பணமுள்ளவர்கள் இதே சாடிகளை விரும்பி வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். ஜப்பானியர்கள் தங்களுக்கென்று ஒரு தனி வடிவத்தைக் கண்டுபிடிக்கவில்லை. சீனாவில் புழங்கிய நல்ல பொருளைத் தேர்ந்து வாங்கினார்கள். புதைத்ததற்கான காரணமும் ஏறக்குறைய தெளிவு. 1230-களில் மங்கோலியப் படைகள் சிச்சுவானுக்குள் பாய்ந்தன. 1236-ல் செங்டு வீழ்ந்தது. யாரோ ஒருவர், வணிகரோ செல்வந்தரோ, இத்தனையையும் குழி வெட்டி அடுக்கிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. பன்ஷோவைப் பற்றிச் சொல்லும்போது ‘எழுநூறு ஆண்டு காத்தார்கள்’ என்று வியக்கிறோம். சுய்னிங் சாடிகளைக் காக்க நினைத்தவருக்கு ஓர் ஆண்டுகூட வாய்த்ததா என்று தெரியாது. ஆனால் தென் சோங் லோங்சுவானின் காலக்கணிப்புக்கு இன்று நாம் நம்பி நிற்பது அவர் வெட்டிய குழியைத்தான்.

இந்தக் காலக்கணிப்பு சேகரிப்புகளின் கதைகளையும் உரசிப் பார்க்கிறது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ‘பகோஹான்’ என்ற புகழ்பெற்ற லோங்சுவான் கிண்ணம் இருக்கிறது. அறிஞர் இதோ தோகாய் 1727-ல் அதன் வரலாற்றை எழுதிவைத்தார். தாய்ரா குலத்துப் பிரபு ஷிகெமோரி சீன மடம் ஒன்றுக்குப் பொன் அனுப்ப, அதற்கு ஈடாக மடாதிபதி இந்தக் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பினாராம். பின்னாளில் ஷோகுன் அஷிகாகா யொஷிமாசாவிடம் இருந்தபோது அதில் கீறல் விழுந்தது. இதைப் போலவே இன்னொன்று வேண்டும் என்று, அப்போது மிங் அரசமரபு ஆண்ட சீனாவுக்கு அதை அனுப்பினார்கள். இப்படி ஒன்று இப்போது கிடைக்காது என்று சொல்லி, கீறலை உலோகப் பிடிப்புகளால் தைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிடிப்புகள் இன்றும் கிண்ணத்தின் மேல் இருக்கின்றன. அவற்றால் அதன் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

அருமையான கதை. ஆனால் ஷிகெமோரி இறந்தது 1179-ல். கிண்ணத்தை அருங்காட்சியகம் 13-ஆம் நூற்றாண்டுக்குரியதாகக் கணிக்கிறது. கதையின் முதற்பாதி நிற்காது. இரண்டாம் பாதிக்கோ அடிப்படை உண்டு. மிங் காலத் தொடக்கத்திலும் லோங்சுவான் அரண்மனைக்குத் தரமான பாத்திரம் செய்தது உண்மைதான். தாயாவ் பகுதியில் 2006-07-ல் நடந்த அகழ்வு அதைக் காட்டியது. ஆனால் அவை கனத்த உடலும் செதுக்கு வேலையும் கொண்ட வேறு வகை. நீலம் தோய்ந்த அந்தத் தடித்த பூச்சு வழக்கொழிந்துவிட்டது. சந்தையோ ஜிங்டெசென்னின் நீலச்சித்திர வெண்பீங்கான் பக்கம் சாய்ந்துவிட்டது.

லோங்சுவான் பாத்திரங்கள் போன இடம் ஜப்பான் மட்டுமல்ல. இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் 1,300-க்கு மேற்பட்ட சீன செலடன் பாத்திரங்கள் இருக்கின்றன. நஞ்சு கலந்த உணவு பட்டால் இந்தப் பச்சை காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை மேற்காசிய அரசவைகளில் இருந்தது. அங்கே இவற்றில் உணவு பரிமாறினார்கள். ஆகவே சேர்ந்தவை பெரும்பாலும் பெரிய தட்டுகள், பூச்சாடிகள் அல்ல. நம் கரையிலும் வந்து இறங்கியிருக்கின்றன. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில், நொபொரு கராஷிமாவும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் 1980-களில் நடத்திய ஆய்வுகளில் லோங்சுவான் செலடன் துண்டுகள் கணிசமாகக் கிடைத்தன. 14-ஆம் நூற்றாண்டில் கடலோடிய வாங் தாயுவான் எழுதிய பயணக்குறிப்பில், துறைமுகங்களில் விற்ற சரக்குகளின் வரிசையில் ‘சூசோ பீங்கான்’ இடம்பெறுகிறது. லோங்சுவான் அன்று சூசோ வட்டாரத்தில் அடங்கியிருந்தது. பெரியபட்டினத்தில் கிடைத்தவை உடைந்த ஓடுகள்தான், முழுச் சாடிகள் அல்ல. அவற்றுக்குப் பெயர் சூட்ட ஒரு பேரரசரும் இல்லை. இருந்தாலும் ஒரு துறைமுகத்தின் வாழ்வைச் சொல்வதில் அந்த ஓடுகள் எந்தத் தேசியப் பொக்கிஷத்துக்கும் சளைத்தவை அல்ல. அவற்றுக்கு நம் அருங்காட்சியகங்களில் நல்ல வெளிச்சமும் விளக்கமும் உள்ள ஓர் இடம் கொடுக்கப்பட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

நேரில் பார்க்க விரும்புவோருக்கு: பன்ஷோவை ஆண்டு முழுவதும் காட்சியில் வைப்பதில்லை, தேர்ந்த கண்காட்சிகளின்போதுதான் வெளியே எடுக்கிறார்கள்; இசுமிக்குப் போகுமுன் அருங்காட்சியக அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒசாகா நகரிலேயே உள்ள கீழைப் பீங்கான் அருங்காட்சியகத்தில் இன்னொரு தேசியப் பொக்கிஷமான, பழுப்புப் புள்ளிகள் தெறித்த யுவான் காலச் செலடன் சாடி இருக்கிறது. சுய்னிங் புதையலுக்கென்று அந்த நகரிலேயே சோங் பீங்கான் அருங்காட்சியகம் உண்டு. சினான் கப்பலின் எஞ்சிய மரச்சட்டத்தைக் கொரியாவின் மொக்போவில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.